இரண்டு அறைகள்

பாதுகாப்புச் சபை என்ற தலைப்பைக் கண்டால் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறவன் நான். அப்படிப்பட்ட நானே சமீபத்தில் ஐக்கிய நாடுகள் சம்பந்தமான அறிக்கை ஒன்றைக் கடைசிவரை படித்தேன். ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் இங்வார் கார்ல்ஸன் தலைமையில் ஒரு குழு ருவாண்டாவைப் பற்றி விசாரித்து 1999 டிசம்பரில் கொடுத்த அறிக்கை அது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சம்பவத்தைக் கேட்டாலும், "அப்போது அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்பான். நானும் அதையே கேட்டுக்கொண்டு படித்தேன்.

1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலைகள் தொடங்கின. சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே ஐ.நா. வீரர்கள் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். ஏப்ரல் 21-ஆம் தேதி பாதுகாப்புச் சபை அந்தத் தொகையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. 15 அங்கத்தினர்களும் கை தூக்கினார்கள்.

அந்தப் பதினைந்தில் ஒரு கை ருவாண்டா அரசாங்கத்தினுடையது! அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து அந்நாடும் சபையில் அங்கம் வகித்தது. கொலைக்குத் துணைபோன அரசாங்கத்தின் பிரதிநிதி சபையின் ஆலோசனைகளை உள்ளிருந்தே கேட்டார். எதிர்த்தரப்புக்கோ அங்கே நாற்காலியே கிடையாது. மே 17-ஆம் தேதி ஆயுதத் தடை வாக்குக்கு வந்தபோது 14 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஒரே வாக்கு ருவாண்டாவினுடையது. வீட்டைக் கொளுத்தியவன் உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றலாமா என்பதற்கு யோசனை சொல்கிறான். வீடு எரிகிறவன் வாசலில் நிற்கிறான்.

இது எப்படி நடக்கிறது? சபைக்கு இரண்டு அறைகள். படங்களில் நாம் பார்ப்பது பெரிய மண்டபம்: லாட வடிவ மேஜை, பின்னால் நார்வே ஓவியர் பேர் குரோக் தீட்டிய பெரிய சுவரோவியம். பக்கத்திலேயே ஆலோசனைக்கென்று சிறிய அறை. அங்கே நிருபர் கிடையாது. நடவடிக்கைக் குறிப்பு கிடையாது. அங்கத்தினரல்லாத நாட்டுக்கு அனுமதியும் கிடையாது. தகராறில் சம்பந்தப்பட்ட நாட்டை விவாதத்துக்கு அழைக்க வேண்டும் என்கிறது சாசனத்தின் 32-வது விதி. அழைக்கத்தான் செய்கிறார்கள், பெரிய மண்டபத்துக்கு. அநேகமாக அதற்குள் சிறிய அறையில் காரியம் முடிந்திருக்கும்.

"வீட்டோ இருக்கிறவரை இதையெல்லாம் பேசி என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாஸ்தவம், வீட்டோவை எடுக்கச் சாசனத்தையே திருத்த வேண்டும். அதற்கு அந்த ஐந்து வல்லரசுகளும் சம்மதிக்க வேண்டும். அதற்காகக் காத்திருப்பது கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருப்பதுதான். ஆனால் நடைமுறை விதிகள் வேறு சங்கதி. அவற்றைச் சபை தானே வகுத்துக்கொள்ளலாம். நடைமுறை விஷயத்தில் 9 வாக்குகள் போதும், வீட்டோ செல்லாது. சாசனமே இப்படிச் சொல்லியிருக்க, 1946-இல் எழுதிய விதிகளுக்கு இன்றுவரை "தற்காலிக விதிகள்" என்றே பெயர்! கடைசியாக அவற்றைத் திருத்தியது 1982-இல். எண்பது வருஷத் தற்காலிகத்தை உலகில் வேறெங்கே காண முடியும்?

ஆகவே என் குறை வீட்டோவைப் பற்றியதல்ல. ஒன்பது பேர் துணிந்தால் செய்யக்கூடியதைச் செய்யாமலிருப்பதைப் பற்றியது. சண்டையில் ஒரு தரப்பு உள்ளே இருந்தால், மறு தரப்பின் பேச்சையும் அன்றைக்கே கேட்கட்டும். சிறிய அறையில் யார் என்ன சொன்னார் என்பதற்குச் சுருக்கமான குறிப்பாவது வைக்கட்டும். தீர்மானங்களின் நகலை எழுதும் பேனா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற மூன்று கைகளிலேயே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து நாடுகளிடமும் அது கொஞ்சம் சுற்றி வரட்டும்.

ரகசியம் இல்லாமல் ராஜதந்திரம் நடக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சைக்கூட யாரும் தெருவில் வைத்துப் பேசுவதில்லை. ஆனால் பெண்வீட்டாரை வாசலில் நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசி முடிப்பதும் இல்லையே!

சின்ன மாறுதல்களால் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1992-இல் போஸ்னியாவிலிருந்து ஒரு பாதிரியார் வந்தார். அவர் பேச்சைச் சபைக்குள் கேட்க வழியில்லை. வெனிசுவேலாவின் தூதர் டியேகோ அரியா சக அங்கத்தினர்களைக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டு, அங்கே அவரைப் பேச வைத்தார். அன்றைய காப்பி இன்று "அரியா முறை" என்ற ஏற்பாடாக நிலைத்துவிட்டது. 2022-இல் பொதுச் சபையும் ஒரு தீர்மானம் செய்தது: யாராவது வீட்டோவைப் பிரயோகித்தால், 10 வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதை விவாதிக்கும்.

அறிக்கையை மூடி வைத்த பிறகும் 270 என்ற எண் என்னை விடவில்லை. அந்த எண்ணை எழுதியபோது, அதனால் சாகப் போகிறவர்களுக்கு வேண்டியவர் ஒருவர்கூட உள்ளே இல்லை. அடுத்த முறை எந்த எண்ணை எழுதினாலும் அப்படி ஒருவர் அந்த அறையில் இருக்கட்டும். அதற்குச் சாசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஒரு நாற்காலி போட்டால் போதும்.