பாட்டி படிக்கும் நூல்

எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய நூல் ஒன்று உண்டா? உண்டு. குழந்தைகளுக்கென அச்சிடப்படும் விலங்குப் படநூலே அது. பெண்ணுக்கு ஏடு எதற்கு என்று கேட்ட சமுதாயத்தில் பிறந்து, அடுப்படியிலேயே ஆண்டுகளைக் கழித்த மூதாட்டி, ஒன்றரை வயதுப் பேரனை மடியிலிருத்திப் பக்கம் புரட்டிப் பொருள் கூறத்தக்க ஒரே நூல்! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன தமிழ்நாட்டுப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர். எஞ்சியவருள் பாட்டிமாரே மிகுதி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நடப்பது என்ன? கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்களில் பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்கள் பல. குழந்தை வளர்வது பாட்டியின் கையில். வாங்கித் தரப்படும் நூலோ ஆங்கிலத்தில். படத்தைக் காட்டி "மாடு" என்கிறார் பாட்டி. "மாடு என்று சொல்லாதேம்மா, 'கவ்' என்று சொல்லிக் கொடு" என்கிறான் மகன். மறுநாள் முதல் பாட்டி அந்நூலைத் தொடுவதில்லை. அன்று சாத்திரம் பறித்த ஏட்டை இன்று மகனின் மோகம் பறிக்கிறது!

1658இல் நூரம்பர்க் நகரில் கொமேனியசு என்னும் கல்வியறிஞர் வெளியிட்ட படநூல், ஐரோப்பியச் சிறார் படநூல்களுக்கெல்லாம் முன்னோடி. அதில் எழுத்துக்கு ஓர் ஒலி. பெரும்பாலும் விலங்கின் குரல். முதல் ஒலியே காக்கை கரைவதுதான். இலத்தீன் கற்பிக்க வந்தவர், அதனருகே மக்கள் பேசிய செருமன் மொழியையும் அச்சிட்டார். சோறூட்டும்போது காக்கையைக் கூவியழைக்கும் நம் பாட்டி, அந்த அறிஞருக்கு எவ்வகையில் குறைந்தவர்? சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் அருகருகே நிற்கும் படநூல்களைத் தருகிறது. மனமார வரவேற்கிறோம்.

மலிவாகக் கடைகளில் தொங்கும் தமிழ்ப் படநூல்களைத்தான் நம்மால் பாராட்ட இயலவில்லை. 'நரி' என்று எழுதிவிட்டு, செந்நிற உடலும் வெண்ணுனி வாலும் கொண்ட குளிர்நாட்டு விலங்கை வரைகின்றனர். நம் நிலத்து நரிக்கும் குள்ளநரிக்கும் வால்நுனி கருமை. நரியின் ஊளை கேட்டு வளர்ந்த பாட்டி, "இது என்ன, நாயா?" என்று கேட்டால், அறியாமை யாருடையது? பாட்டியுடையதா, ஓவியருடையதா?

கோவிலம்பாக்கத்திற்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கிடக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம். அங்கே செவ்வலகு கொண்ட நீலத் தாழைக்கோழி நடக்கிறது. பூநாரை வந்து இறங்குகிறது. பென்குவின் படத்தைக் கண்டதும் பெயர் கூவும் பிள்ளைகள், தாழைக்கோழியைக் காட்டினால் விழிப்பதை நாம் வகுப்பறையில் காண்கிறோம். பென்குவின் வேண்டா என்பதன்று நம் கட்சி. அது ஏழாம் பக்கத்தில் வரட்டும்!

படத்தைவிடக் கொடியது அடியில் அச்சிடும் வாசகம். நரி வஞ்சகன், கழுதை மடையன், சிங்கம் மன்னன்! பிறப்பாலேயே குணம், பிறப்பாலேயே பதவி! பெரியவர்களிடையே எதை எதிர்த்து நாம் மேடையேறுகிறோமோ, அதையே பால்மணம் மாறாத பிள்ளைக்குப் படம் போட்டு ஊட்டுகிறார்கள். எழுத்தறியாப் பாட்டிக்கு அவ்வாசகம் தெரியாது. அவர் நரியைக் காட்டி ஊளையிடுகிறார். கழுதையைக் காட்டிக் கத்துகிறார். குழந்தை கைகொட்டிச் சிரித்து, மீண்டும் அதே பக்கத்தைப் புரட்டச் சொல்கிறது.