அஞ்சலட்டையின் மறுபக்கம்

பழைய பட அஞ்சலட்டைகளைத் தொகுத்து வெளிவரும் நூல்கள் பலவற்றிலும் ஒரு குறை உண்டு. அவை அட்டையின் படப்பக்கத்தை மட்டும் அச்சிடுகின்றன. கோபுரமும் மண்டபமும் கடைத்தெருவும் தெரிகின்றன. எழுதியவர் யார், யாருக்கு, எந்நாளில் என்பன மறைந்துபோகின்றன. ஓலைச்சுவடியின் ஒரு புறத்தைப் பெயர்த்தெழுதி மறுபுறத்தைக் கரையானுக்கு விட்ட பதிப்பாசிரியரை எவரும் பாராட்டார். அஞ்சலட்டைக்கு மட்டும் அந்நெறி தளர்ந்துவிடுகிறது.

1869ஆம் ஆண்டு ஆஸ்திரிய ஹங்கேரியில் அஞ்சலட்டை பிறந்தபோது அதில் படமே இல்லை. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி, அவ்வளவே. பின்னால் வந்த படம் செய்தியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1902இல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தில் பாதியை எழுத்துக்கு விட்டுக்கொடுத்தது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன.

படப்பக்கத்தின் பயனை மறுப்பதற்கில்லை. பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரில் 1304இல் கட்டி முடிந்த துணி வணிகர் மண்டபம் இதற்குத் தக்க சான்று. முதல் உலகப்போரில், 1914 நவம்பர் 22இல், ஜெர்மானியரின் குண்டுவீச்சால் அது தீப்பற்றியது. எஞ்சியதும் போர் முடிவதற்குள் பெரும்பாலும் இடிந்தது. இன்று காண்பது 1967இல் நிறைவுற்ற மறு கட்டடம். பழைய மண்டபத்தின் தோற்றத்தை எளியோர் வீடுகளிலும் காத்து வைத்தவை மலிவான அஞ்சலட்டைகளே. ஆயினும் அவற்றை அப்படியே நம்புதல் தகாது. கறுப்பு வெள்ளைப் படத்திற்கு அச்சகத்தில் வண்ணம் தீட்டினர். வானத்தில் இல்லாத மேகத்தையும் சேர்ப்பதுண்டு. விலைபோகும் முகப்பையே நாடிய வணிகருக்குப் பின்சந்துகள் பொருட்டல்ல. மண்டபம் இடிந்தபின் இடிபாடும் அட்டையாகி விற்பனைக்கு வந்தது!

அதே போர்க்காலத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பட்டுத்துணியில் பூவும் கொடியும் தைத்த அட்டைகள் செய்யப்பட்டன. படைவீரர் அவற்றைத் தாய்க்கும் மனைவிக்கும் வாங்கி அனுப்பினர். பட்டு அழுக்காகாதிருக்கக் கடித உறைக்குள் வைத்தே பெரும்பாலும் அனுப்பியதால், பலவற்றில் அஞ்சல் முத்திரையோ முகவரியோ இல்லை. பட்டு மங்காமல் இருக்கிறது. எந்தத் தாய்க்கு வந்தது என்பது தெரியவில்லை. பின்புறத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரி இருந்தால் அதுவே அவ்வட்டையின் உயிர். அந்த அட்டையைப் பசை தடவிச் செருகேட்டில் ஒட்டுகிறவர் அவ்வுயிரைப் போக்கிவிடுகிறார்.

இவையெல்லாவற்றினும் ஆராயத்தக்கது பிரிட்டிஷ் படை வழங்கிய களச்சேவை அஞ்சலட்டை. படம் இல்லாததால் படத்தொகுப்பாளர் அதனைத் தொடுவதே இல்லை. அதில் சில வாக்கியங்கள் முன்பே அச்சிடப்பட்டிருந்தன. வேண்டாதவற்றை அடித்துவிட்டு, வீரன் நாளும் கையொப்பமும் இடலாம். வேறு எதுவும் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை தலைப்பிலேயே நின்றது. தூது இலக்கியத்தில் தூதுக்குச் சொல்லவேண்டியதைத் தலைவி கற்பிப்பாள். இங்கே அரசாங்கமே கற்பித்துவிட்டது.

கற்பித்ததை உற்று நோக்கவேண்டும். நலமாயிருக்கிறேன் என்று ஒரு வரி. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன் என்று மற்றொன்று. நோயா காயமா என்பதில் ஒன்றை அடிக்கலாம். ஆனால் அதனை அடுத்து வருவன, தேறிவருகிறேன் என்பதும் விரைவில் வெளிவருவேன் என்பதுமே. தேறாதவனுக்கு அட்டையில் வாக்கியம் இல்லை. அன்பு, அச்சம், பசி, குளிர் ஆகியவற்றுக்கும் இல்லை. வீட்டார் அடித்த கோடுகளையும், அடிக்காமல் விட்ட வரிகளையும், கையொப்பத்தின் நடுக்கத்தையும் கொண்டே மகனின் நிலையை உய்த்துணர வேண்டியிருந்தது.

மனக்குறையைச் சொல்ல அட்டையில் இடம் தந்த வரி ஒன்றே. உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை என்று தொடங்கும் அவ்வரியின் கீழே, அண்மையில், நெடுநாளாக என்று இரண்டு சொற்கள் இருந்தன. அவற்றுள் எதனை அடிப்பது என்பது மட்டும் அவன் விருப்பம்.