எந்தச் சுமைக்கு மட்டம்?

திருமலை அடிவாரத்தில் உள்ள அலிபிரி சோதனைச் சாவடியில் மலையேறக் காத்திருக்கும் வண்டிகளைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். டிரைவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஃபார்ச்சூனரின் மூக்கு லேசாகத் தாழ்ந்து, பின்புறம் தூக்கி நிற்கும். குடும்பம் மொத்தமும் ஏறி, பெட்டிகளையும் அடுக்கிவிட்டால் அதே வண்டி தரைக்கு இணையாக அமர்ந்துவிடும். வெறும் வண்டியில் தெரியும் அந்தத் தாழ்ச்சி, பின்னால் ஏறப்போகும் பாரத்துக்காகத் தொழிற்சாலை கணக்குப் பார்த்து விட்டுவைத்த இடம்.

அந்தக் கணக்கில் கை வைப்பதுதான் லெவலிங் கிட் வேலை. முன் சஸ்பென்ஷனில் ஸ்பேசர் கொடுத்து மூக்கை நிமிர்த்துவார்கள். வண்டி கம்பீரமாக நிற்க வேண்டும் என்பவர்கள் ஆசையோடு செய்துகொள்வது. செய்தவரின் கைத்தேர்ச்சியை எடைபோட எனக்கு ஒரே கேள்வி போதும்: எந்தச் சுமைக்கு மட்டம் பார்த்திருக்கிறார்?

சித்தூர்ச் சீமைக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். மாம்பழமும் தக்காளியும் லாரி லாரியாகப் போகிற பூமி. கமான் (லீஃப் ஸ்பிரிங்) பட்டறையில் படிந்துபோன பட்டைகளைக் கழற்றி, வளைவு கொடுத்து, வேண்டுமானால் ஒரு பட்டை கூட்டிப் பூட்டுவார்கள். பட்டறைக்காரர் வாயைத் திறந்ததும் கேட்பது, “எவ்ளோ லோடு ஏத்துவீங்க?” பின்னால் கமான் பட்டையோடு வரும் பொலேரோவுக்கும் இதே விசாரணைதான். காயில் ஸ்பிரிங் வண்டிகள் வந்த பிறகு சாமான்கள் மாறின, விசாரணை மாறவில்லை.

நல்ல மெக்கானிக் ஜாக்கியைத் தொடுமுன் டேப்பைத் தொடுவார். சமதளத்தில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, டேங்கில் டீசல் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வார். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் அளந்து சாக்பீஸால் தரையில் எழுதுவார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும் என்பதால் மையத்திலிருந்து அளப்பது. பிறகு பின் சீட்டுகளில் ஆட்களை உட்காரவைத்து மறுபடி அளப்பார். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்த வண்டியின் வாழ்க்கை தெரிந்துவிடும். வெறும் வண்டியில் மூக்கு இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தால் ஒன்றரை நிமிர்த்தி, அரையை அப்படியே விட்டுவிடுவார். அந்த அரை விரற்கடையில்தான் அவர் ரசனை இருக்கிறது.

ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்டிரட், லோயர் ஆர்மின் நுனியில் உட்காராமல் நடுவாக்கில் உட்கார்கிறது. அதனால் மேலே அரை அங்குல ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தருகே ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும். ஆடும் கட்டில்காலுக்கு அட்டை மடித்து வைக்கிற கணக்கு இங்கே செல்லாது. ஸ்டிரட்டின் தலையில் வண்டியோடு பிடித்திருக்கும் நட்டுகள் சுற்றிலும் இருக்கும். நடுவில் ஒன்று தனியாக இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங்கின் முழு விசையையும் அடக்கி வைத்திருப்பது அந்த நடு நட்டு. தேர்ந்தவரின் ஸ்பேனர் அதன் பக்கமே போகாது.

நான் விரும்பி நின்று பார்ப்பது கடைசிக் கட்டத்தை. தளர்த்திய ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரைக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டே கிடந்து, நாளடைவில் கிழியும். விஷயம் தெரிந்தவர் கையால் மட்டும் முடுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்குவார். முன்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கி விடுவார். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுவார். ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்த பிறகு அடியில் படுத்து, டார்க் ரெஞ்சால் முழு இறுக்கம் கொடுப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் வேலையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

வேலையைச் சோதிக்கத் திருமலையைவிடக் கறாரான இடம் இல்லை. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றம். 1944-இல் திறந்த முதல் பாதையில் இப்போது இறங்குகிறோம். 1974-இல் வந்த இரண்டாவது பாதையில் ஏறுகிறோம். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று தேவஸ்தானம் விதி வைத்தது. வெறும் வண்டிக்கு மட்டம் பார்த்த எஸ்யூவி ஏழு பேரோடு ஏறும்போது, பின்பாரத்தில் மூக்கு தூக்கிக்கொள்ளும்; ஸ்டியரிங் லேசாகும்; ஹெட்லைட் முன்னால் போகிறவரின் கண்ணாடியில் அடிக்கும். இறக்கத்தில் வேறொரு சோதனை. முன்பக்கத்தை உயர்த்தினால் காஸ்டர் கோணம் குறையும். அதனால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் சுபாவம் மந்தமாகும். அலைன்மென்ட் செய்து அந்தக் கோணத்தை மீட்டு, ஹெட்லைட்டையும் தாழ்த்திக் கொடுத்த வண்டி, கொண்டை ஊசி வளைவைத் தாண்டிக் கையைத் தளர்த்தியதும் தானாக நேராகும். அது கைக்குத் தெரிகிற சுகம்.

எல்லை அறிவதும் இந்தக் கலையில் சேர்த்தி. ஸ்பேசர் தடிக்கத் தடிக்க, சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்டும் டிரைவ் ஷாஃப்டும் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டப் பார்க்கும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இன்னும் ஓர் அங்குலம் கேட்கும் வாடிக்கையாளரிடம் “போதும் சார்” என்று சொல்லத் தெரிந்தவரையே நான் தொழில்காரர் என்பேன்.

இதில் வண்டிக்காரருக்கும் பங்குண்டு. பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறோமா, ஊரையே ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறோமா, கூரைமேல் கேரியர் உண்டா என்பதையெல்லாம் உள்ளபடி சொல்ல வேண்டும். அதைக் கேட்காமலே ஸ்பேசரைக் கையில் எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.