கடல்நாளின் வெறுமை: மூன்று கப்பற் கதைகள் குறித்து

கரை கண்ணுக்கு மறைந்தபின் பயணக்கப்பலில் என்னதான் நிகழ்கிறது? கொழும்பு, ஏடன், போட் செயிட் முதலிய துறைமுகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பயணிகள்கூட அவற்றுக்கு இடைப்பட்ட நாட்களை ஓரிரு வாக்கியங்களிற் கடந்துவிடுவதுண்டு. உண்டதும் உறங்கியதும் கடல் நீலமாக இருந்ததும் அவற்றில் அடங்கிவிடும். இதனைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. கடல்நாள் எழுத்தாளனுக்கு மெய்யாகவே ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. காட்சி மாறுவதில்லை. புதியவர் எவரும் வருவதில்லை. உள்ளவர் வெளியேறவும் வழியில்லை. மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலிற் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருத்துவதே சில நாட்களில் நிகழும் ஒரே மாற்றமாக இருக்கும். மாற்றமே உயிராக உள்ள நாவலுக்கு இவ்விடத்தில் என்ன வேலை?

வேலை உண்டு என்று காட்டிய மூன்று படைப்புகளை இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கின் ‘சதுரங்கக் கதை’, அமெரிக்கரான கதரின் ஆன் போட்டர் 1962இல் வெளியிட்ட ‘ஷிப் ஒவ் ஃபூல்ஸ்’, கொழும்பிற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி 2011இல் வெளியிட்ட ‘தி கற்ஸ் ரேபிள்’ என்பன அவை. மூன்றும் வெவ்வேறு மொழிச்சூழலிலும் வெவ்வேறு நோக்கிலும் பிறந்தவை. எனினும் கரையற்ற நாட்களை நாவலின் மையத்தில் வைக்கும் துணிவு மூன்றுக்கும் பொதுவானது.

இத்தகைய கதைகளைக் கண்டவுடன் கப்பல் உலகின் சிறுவடிவம் என்று கூறி ஓய்ந்துவிடும் விமரிசகர் பலர். அக்கூற்று பொய்யன்று, ஆனால் அதனாற் பெரும் பயன் இல்லை. நிலத்தில் ஒருவனுடைய நிலையை அறிய அவனது உடை, பேச்சு, ஊர், சாதி என்று பலவற்றை ஆராய வேண்டியிருக்கும். கப்பலிலோ பயணச்சீட்டே யாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. எந்தத் தட்டில் நடக்கலாம், எந்த மேசையில் உண்ணலாம், எந்தக் கதவைத் தாண்டக்கூடாது என்பன துறைமுகத்திலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு. கடல்நாள் வெறுமையானது என்கிறோமே, அது யாருடைய வெறுமை?

ஸ்வைக்கின் கதை இக்கேள்வியை மிக நேராக எதிர்கொள்கிறது. நியூயோர்க்கிலிருந்து புவனோஸ் அயர்ஸ் செல்லும் கப்பலிற் பொழுது போகாத பயணிகள், உலகச் சதுரங்க வீரனான செந்தோவிச்சோடு ஆட விரும்புகின்றனர். மக்கோனர் என்ற செல்வந்தப் பொறியியலாளன் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தோல்வியை வாங்குகிறான். அவ்வேளை கூட்டத்தினிடையே வந்து சேர்கிறார் டொக்டர் பி. என்ற ஒருவர். வியன்னாவில் நாற்சிகளின் இரகசியப் பொலிசார் அவரை ஒரு ஹோட்டல் அறையில் அடைத்துவைத்திருந்தனர். நூல் இல்லை, தாள் இல்லை, பேச ஆள் இல்லை. அடி உதையைவிட அந்த ஒன்றுமில்லாமையே அவரைச் சிதைத்தது. களவாகக் கிடைத்த சதுரங்க நூலொன்றைப் பற்றிக்கொண்டு, தமக்குத்தாமே எதிராளியாக ஆடி, அவர் பித்தின் விளிம்புவரை சென்றவர்.

ஒருவன் காசு கொடுத்துக் கொல்ல முயலும் வெறும்பொழுது, மற்றவருக்குச் சித்திரவதைக் கருவியாக இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே மேசையின் இருபுறமும் கொண்டுவந்து நிறுத்துவதே கதையின் முழு வலிமை. கப்பலின் ஏனைய பகுதிகள் ஸ்வைக்கின் கண்ணுக்குத் தென்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் குறுங்கதைக்கு அது குறையாகாது. 1941 ஆகஸ்டில் நியூயோர்க்கிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறியவர் அவர். 1942 பெப்ரவரியில் அந்நாட்டிலேயே தம் மனைவியுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். இடைப்பட்ட மாதங்களில் எழுதப்பட்ட இக்கதையில் ஓய்வு என்ற சொல் எங்கும் இனிமையாக ஒலிக்காததில் வியப்பில்லை.

போட்டரின் களம் மிக அகன்றது. 1931 ஆகஸ்டில் மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் துறையிலிருந்து ஜேர்மனியின் பிறேமர்ஹாவனுக்குப் புறப்படும் ‘வேரா’ என்ற ஜேர்மன் கப்பல் அது. அதே ஆண்டில் ஆசிரியை தாமே அவ்வழியாகப் பயணம் செய்தவர். மேற்றட்டில் ஜேர்மானியர், அமெரிக்கர், சுவிஸ் நாட்டவர், ஸ்பானிய நடனக் குழுவினர் எனப் பலர் உள்ளனர். சீனிச் சந்தை வீழ்ந்ததனாற் கியூபாவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து திருப்பியனுப்பப்படும் 876 ஸ்பானியத் தொழிலாளர் ஹவானாவிற் கீழ்த்தட்டில் ஏற்றப்படுகின்றனர். தோட்டப் பயிரொன்றின் விலை வீழ, அதனோடு மனிதரும் ஏற்றியிறக்கப்படும் சரக்காவது இந்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டாத செய்தி.

இந்நாவலின் சாப்பாட்டு மேசை தனித்து நோக்கத்தக்கது. கப்பற்றலைவர் தீலேயின் மேசையில் இடம்பெற்றிருந்த ஃபிரைட்டாக் என்பவனின் மனைவி யூதப்பெண் என்ற செய்தி பரவியதும் அவன் அங்கிருந்து அகற்றப்படுகிறான். தனியே உண்ணும் யூத வணிகர் ஒருவரின் மேசைக்கு அவனுடைய நாற்காலி மாறுகிறது. குரல் உயர்த்தப்படவில்லை, கத்தி உருவப்படவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933இல். இக்கதை நிகழ்வதோ 1931இல். பின்னர் ஒரு நாடு முழுவதும் நடக்கவிருந்ததைப் போட்டர் ஒரு நாற்காலியின் இடமாற்றத்தில் அடக்கிவிட்டார். நாளுக்கு மூன்று வேளை அதே முகங்களோடு உண்ணவேண்டிய கடல்நாளின் கட்டாயம் இல்லாவிட்டால் இந்த அவமானத்துக்கு இத்தனை கூர்மை வந்திராது.

ஆயினும் நாவலின் உச்சம் மேசையில் இல்லை. கீழ்த்தட்டில் ஒரு மரச்சிற்பி இருக்கிறான். கலகம் வருமோ என்று அஞ்சிய கப்பற்றலைவர் தொழிலாளரின் கத்திகளையெல்லாம் பறித்துக்கொள்ளச் செய்தபோது, சிறு மிருக உருவங்கள் செதுக்கிய அவனது கத்தியும் போய்விடுகிறது. பின்னர், மேற்றட்டுப் பயணியான பேராசிரியர் ஒருவரின் நாயைக் குறும்புக்காரப் பிள்ளைகள் இருவர் கடலில் எறிகின்றனர். அவன் குதிக்கிறான். நாய் பிழைக்கிறது, அவன் மாண்டுபோகிறான். நாயின் சொந்தக்காரர் அவனுடைய பெயரைக்கூட நினைவில் வைத்திருக்க இயலாதவராக இருக்கின்றனர்.

போட்டர் மனிதரை வெறுப்பவர் என்ற குற்றச்சாட்டு இந்நாவல் வெளிவந்த காலத்திலிருந்தே உண்டு. மேற்றட்டு மாந்தரைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு. ஒருவரிடத்தும் அவர் நெடுநேரம் பரிவு காட்டுவதில்லை. என் ஆட்சேபம் வேறு. அந்த 876 பேரும் நாவலிற் பெரும்பாலும் மேலிருந்து பார்க்கப்படும் திரளாகவே உள்ளனர். அவர்களது நாள் எப்படிக் கழிந்தது என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. சிற்பிக்கும் சாவின் மூலமே தனிமுகம் கிடைக்கிறது. நீண்ட பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆசிரியைக்கும் கம்பித்தடுப்புக்குக் கீழே இறங்குவது இயலவில்லை. ஆனால், தடுப்பு அங்கே இருக்கிறது என்பதை வாசகர் ஒரு கணமும் மறக்க அவர் விடவில்லை.

ஒண்டாச்சி அத்தடுப்பைச் சிறுவர்களைக் கொண்டு கடக்கிறார். 1954இல் ‘ஒரொன்சே’ கப்பலிற் கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்கு 21 நாட் பயணம். மைக்கல், கசியஸ், றமதீன் என்ற மூன்று சிறுவர்களும் 76ஆம் இலக்க மேசையில் அமர்த்தப்படுகின்றனர். கப்பற்றலைவரின் மேசையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள அதுவே ‘பூனை மேசை’. நாளொன்றுக்கு விலக்கப்பட்ட செயல் ஒன்றேனும் செய்வது என்பது அவர்களது விதி. விடியுமுன் முதல் வகுப்பு நீச்சற்றடாகத்தில் இறங்குகின்றனர். உயிர்காப்புப் படகுக்குள் ஒளிந்து உண்கின்றனர். கப்பலின் அடியிலே ஒருவர் வளர்க்கும் மூலிகைத் தோட்டத்தைக் காண்கின்றனர். நள்ளிரவிற் சங்கிலியோடு நடத்திச் செல்லப்படும் கைதியை மறைந்திருந்து பார்க்கின்றனர். பெரியவர்களுக்கு வெறுமையான நாள் இவர்களுக்கு நிரம்பி வழிகிறது. ஆசிரியர் தாமும் அவ்வயதில் அவ்வாறே பயணம் செய்தவர். எனினும் இது புனைவே என்று நூலின் குறிப்பிற் கூறுகிறார்.

நூலின் முற்பகுதி, ஈழத்திற் பிறந்தவர்கள் கடலைப் பற்றி எழுதிய சிறந்த உரைநடையுள் ஒன்று எனத் தயங்காது கூறலாம். பிற்பகுதியைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. கைதியின் மர்மமும் கொலையும் துப்பறிவும் புகுந்ததும் கடல்நாள் தன் இயல்பை இழந்து, எந்த நிலத்திலும் நிகழக்கூடிய சாகசக் கதையின் பின்புலமாகிவிடுகிறது. ஒன்றும் நிகழாமையின் மீது வைத்த நம்பிக்கையை ஆசிரியர் இடைவழியிற் கைவிட்டார் என்றே தோன்றுகிறது. மேலும், சிறுவரின் வியப்பு எல்லாவற்றையும் ஒரே ஒளியில் நனைத்துவிடுகிறது. தொழிலாளியும் திருடனும் கைதியும் அவர்களுக்கு ஒரே வகையான அதிசயங்கள். போட்டரிடம் மிகுந்திருந்த கோபத்திற் சிறிதளவேனும் இங்கே இருந்திருக்கலாம்.

மூன்று நூல்களிலும் நுழைய முடியாத ஓர் இடம் எஞ்சுகிறது. பீ அன் ஓ நிறுவனத்தின் கப்பல்களில் இயந்திர அறையிலும் உணவுக்கூடத்திலும் தட்டுகளிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தவர், லஸ்கார் எனப்பட்டோர். சில்ஹெட், கோவா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அவருட் பலர். அவர்களுக்குக் கடல்நாள் வெறுமையானதன்று. முறை மாற்றி முறை செய்த வேலைநாள். பயணிக்குக் கிடைத்த ஓய்வை விளைவித்தது அவ்வேலையே. அவ்வோய்விலிருந்து நல்லனவும் பிறந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. காந்தி 1909 நவம்பரில் ‘கில்டோனன் காஸில்’ கப்பலில் வலக்கை ஓய்ந்தபோது இடக்கையாலும் எழுதி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை முடித்தார். அவரைப் பற்றி விவரணப்படம் எடுக்கும் எண்ணம் ஏ. கே. செட்டியாருக்கு உதித்ததும் 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலிலேயே. ஆனால் அந்நாட்களிற் கொதிகலன் அருகே நின்றவனின் குறிப்பேடு எதுவும் நம் இலக்கிய வாசிப்புக்கு வந்து சேரவில்லை.

ஒண்டாச்சியின் பூனை மேசையில் நெவில் என்றொருவர் இருக்கிறார். பழைய கப்பல்களைப் பிரித்தெடுக்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் தகடு எங்கே பொருத்தப்பட்டது, எதனை முதலிற் கழற்ற வேண்டும், கழற்றியது வேறு எதுவாக ஆகும் என்பவற்றை அறிந்தவர். மூன்று நூல்களின் மாந்தருள் கப்பலைக் கைகளால் அறிந்தவராக நம்மோடு பேசுபவர் அவரே. ஆசிரியர் அவருக்குச் சில பக்கங்களே கொடுத்திருக்கிறார். மெய்யான ஒரொன்சேயும் 1970களின் நடுப்பகுதியிற் தாய்வானின் கவோசியுங் துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அவ்வாறே துண்டுதுண்டாகக் கழற்றப்பட்டது.