இது எதன் படம்?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்தின் தரைத்தள வீடுகளில் முதலில் நனைந்தவை பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவைதான்: பத்திரங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பங்கள். வெள்ளம் வடிந்த பின் மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்த ஆல்பங்களில் பல முகங்கள் இல்லை. மணமேடை இருந்த இடத்தில் சிவப்பும் ஆரஞ்சும் கரைந்து ஓடியிருந்தன. ஓரங்களில் மஞ்சள், அதற்கும் வெளியே வெறும் வெள்ளை.

அந்த நிறங்கள் ஏனோதானோவென்று வருபவை அல்ல. லேபில் கழுவிய வண்ணப்படக் காகிதத்தில் ஜெலட்டினில் பொதிந்த மூன்று சாய அடுக்குகள் உண்டு. மேலே பசுநீலம், நடுவில் மெஜந்தா, அடியில் மஞ்சள். தண்ணீரும் சேறும் அதில் வளரும் நுண்ணுயிர்களும் ஜெலட்டினை மேலிருந்து அரிக்கின்றன. முதல் அடுக்கு போனதும் படம் சிவக்கிறது. இரண்டாவதும் போனால் மஞ்சள் மட்டும் நிற்கிறது. மூன்றாவதும் போய்விட்டால் வெறும் காகிதம். நனைந்த ஒரு படத்தை ஓரத்திலிருந்து நடுவாகப் பார்த்துக்கொண்டே போனால் வெள்ளம் எவ்வளவு ஆழம் தின்றது என்று நிறத்தைக்கொண்டே சொல்லிவிடலாம்.

அப்படி ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வெள்ளைச் சுவரில் மாட்டினால், அரூபக் கலை என்று யாரும் நம்பிவிடுவார்கள். உலகெங்கும் வெள்ளப் பகுதிகளில் படமெடுத்த கிடியன் மெண்டல், தண்ணீர் சிதைத்த குடும்பப் படங்களை ‘வாட்டர்மார்க்ஸ்’ என்ற வரிசையாகவே தொகுத்திருக்கிறார். அவற்றின் முன் நிற்பவர், நிறத்தின் அழகில் லயித்த அடுத்த நொடியே, அது யாருடைய வீட்டுப் படம் என்று கேட்காமல் இருக்க முடியாது. அரூபப் புகைப்படம் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கேலரிக்கு வருகிற நம்மவர்கள் ‘இது எதன் படம்?’ என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் ரசனை இல்லாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம். ஓவியத்தின் முன் அந்தக் கேள்வி தேவையில்லாமல் இருக்கலாம். அச்சுதன் கூடல்லூரின் சிவப்பு எந்தப் பொருளின் சிவப்பும் அல்ல, அவர் தூரிகை தொட்ட சிவப்பு. புகைப்படத்தில் அப்படி இல்லை. ஒளி எதன்மேலாவது பட்டோ, எதனூடாவது நுழைந்தோதான் தாளுக்கு வந்திருக்கிறது. எதன் படம் என்பது அங்கே எப்போதும் நியாயமான கேள்வி. நல்ல அரூபப் படம் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் நம்மை நிறுத்திவைக்கிறது.

மேற்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916 கோடையில் பால் ஸ்ட்ராண்ட், கனெக்டிகட்டின் ட்வின் லேக்ஸில் சமையலறைக் கிண்ணங்களையும் திண்ணைக் கிராதியின் நிழலையும் எடுத்தார். பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வளைவும் சாய்கோடும்தான், கிண்ணம் அப்புறம்தான். 1917இல் லண்டனில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் கண்ணாடித் துண்டுகளை லென்ஸோடு சேர்த்து உருவத்தை உடைத்தார். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இலிருந்து மேகங்களை மட்டும் எடுத்துக் குவித்தார். மேன் ரேயும் மொஹோலி-நாகியும் காமிராவையே விட்டுவிட்டு, தாளின்மேல் பொருளை வைத்து விளக்கைப் போட்டார்கள். புகைப்படத்துக்கும் அரூபத்துக்குமான இந்த நூறாண்டு உறவைத் தொகுத்து லண்டனின் டேட் மாடர்ன் 2018இல் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்குள் கலை உலகம் இதை முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துக் கதை இவ்வளவு சீராக ஓடவில்லை. எனக்கு அது தஞ்சாவூரில் தொடங்குவதாகத்தான் படுகிறது, அதுவும் யாரும் அரூபத்தை உத்தேசிக்காத ஒரு காரியத்தில். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் ட்ரைப், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அவர் நோக்கம் ஆவணம்: எழுத்து படிக்கக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று அந்தச் சுருளைப் பார்க்கும்போது எழுத்துக்கு முன்பே வரிகளின் தாளம் கண்ணில் படுகிறது. கல்லின் விளிம்புகள் நீளநீளமாக ஓடுகின்றன, அவற்றினிடையே எழுத்துகள் பொடிநிழல்களாக நிறைந்து கிடக்கின்றன, ஓரிடத்தில் விரிசல் குறுக்கே வருகிறது. பொருளை விட்டு விலகாமலே வடிவம் தனித்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில், இந்தச் செலவு ஆடம்பரம் என்று சொல்லி ட்ரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார்கள்.

அதன்பின் நீண்ட இடைவெளி. இலங்கையில் லயனல் வென்ட் (1900–1944) டார்க் ரூமில் ஒளிபுரட்டலும் படக்கலவையும் செய்து பார்த்தார். கொழும்பின் ’43 கலைஞர் குழுவை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் மறைவுக்குப் பின் நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. இருப்பவை பிரிண்டுகளே. சேகரிப்பவர்கள் மறக்கக்கூடாத செய்தி இது.

இந்தியாவில் இந்தத் துறையின் உச்சம் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் தயங்காமல் நஸ்ரீன் மொஹமதியைச் சொல்வேன். கராச்சியில் 1937இல் பிறந்தவர். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தார். 1972 முதல் பரோடாவில் ஆசிரியர். பஹ்ரைனில் அவருடைய தந்தைக்குக் காமிரா சாமான் விற்கும் கடை இருந்தது. அதனால் காமிரா அவருக்கு எட்டாத பொருளாக இருக்கவில்லை. உலகம் அவரை அறிந்தது பேனாவும் அளவுகோலும் கொண்டு போட்ட மெல்லிய கோட்டுச் சித்திரங்களால்தான். கூடவே அவர் படமும் எடுத்துக்கொண்டிருந்தார்: ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம், தறியில் இழுத்துக்கட்டிய பாவு நூல், தார்ச்சாலையின் வெள்ளைக் கோடு, அலை விட்டுப்போன மணல். எதற்கும் தலைப்பு இல்லை, பெரும்பாலானவற்றுக்குத் தேதியும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை.

தறிப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோடுகள் ஒரு முனையிலிருந்து விசிறியாக விரிகின்றன. பின்புலம் இருட்டு. அளவு தெரிய எதுவும் இல்லை, நெசவாளர் கையும் இல்லை. வரைந்த கோடு என்று ஒரு நொடி தோன்றுகிறது. பிறகு ஏதோ ஓர் இழை லேசாகத் தொய்ந்திருப்பதைக் கண் கண்டுபிடிக்கிறது. அந்தத் தொய்வில் நூல் நூலாகத் திரும்பி வருகிறது. அளவுகோல் போட்ட கோட்டில் அந்தத் தொய்வு வராது. 1990இல் அவர் இறந்த பிறகுதான் இப்படங்கள் வெளியே வந்தன. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட் ப்ராயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. கோட்டுச் சித்திரங்களோடு புகைப்படங்களும் அங்கே இருந்தன.

சென்னைக்கு நேரடி உறவுள்ளவர் தசரத் பட்டேல் (1927–2010). தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, பாரிஸ் போய், ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் ஊக்கத்தால் காமிராவைக் கையில் எடுத்தவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் தொடக்க ஆசிரியர்களில் ஒருவர். நடனக் கலைஞர் சந்திரலேகாவின் நெடுநாள் தோழர் என்பதால் அவர் வீடிருந்த பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு வந்துபோனவர். ஓவியம், மண்பாண்டம், புகைப்படம் மூன்றிலும் ஒரே கண்ணோடு வேலை செய்தவர் அவர். சதானந்த் மேனன் தொகுத்த அவருடைய ஐம்பதாண்டுக் கண்காட்சி தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நடந்தது. இங்கே படித்தவரின் படங்கள் இங்கே உள்ள வீடுகளில் எத்தனை சுவரில் தொங்குகின்றன?

இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியாது. அரூபம் சென்னைக்குப் புதிதல்ல. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தும் குறியும் நிறைந்த ஓவியங்களை வரைந்துவிட்டார். ஓவியர் ஆதிமூலத்தின் வண்ண நிலவெளிகளை வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் உண்டு. ஓவியத்தில் அரூபத்தை ஏற்றுக்கொண்ட கண், புகைப்படத்தில் ஏன் தயங்கியது?

ஒரு காரணம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. ‘நடை’, ‘கசடதபற’ காலத்துச் சிற்றிதழ்கள் நவீன ஓவியர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தன. கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும், செலவு குறைவு, சாதாரணத் தாளிலும் நன்றாக விழும். புகைப்படத்துக்கோ புள்ளிபுள்ளியாக எடுக்கும் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், வழவழப்பான தாள் வேண்டும். சொந்தக் காசைப் போட்டு இதழ் நடத்தியவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே தமிழ் இலக்கிய வாசகர் நவீன ஓவியத்தோடு பழகிய அளவுக்கு நவீனப் புகைப்படத்தோடு பழகவே இல்லை. இரண்டாவது காரணம் கோடம்பாக்கம். ஒளியைப் படிக்கத் தெரிந்தவர்களைச் சினிமா இழுத்துக்கொண்டது. அங்கே ஒளிப்பதிவாளருக்குச் சோறும் பெயரும் கிடைத்தன. மீதமிருந்தவர்கள் போட்டிகளுக்குப் படம் அனுப்பும் புகைப்படச் சங்கங்களில் சேர்ந்தார்கள். சென்னையில் அந்த மரபு 1850களிலேயே தொடங்கிவிட்டது. கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரே அதற்கும் முன்னோடி. சங்கங்கள் தொழில்நுட்பத்தை நன்றாகக் கற்றுக்கொடுத்தன. போட்டிக்காக எடுத்த அரூபம் மட்டும் ஒரே மாதிரி ஆகிப்போனது: எண்ணெய்த் துளி, படிக்கட்டின் சுருள், காரை உதிர்ந்த சுவர்.

காரை உதிர்ந்த சுவரைப் புகைப்படக் கலைஞர் ஆரன் சிஸ்கிண்ட் 1940களில் எடுத்தபோது அதில் ஒரு துணிச்சல் இருந்தது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எடுக்கலாம். எடுக்கவும் செய்கிறார்கள். அந்தச் சுவர் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தச் சுவரொட்டிகள் அதில் அடுக்கடுக்காக ஒட்டிக் கிழிந்தன என்ற அக்கறையே இல்லாத படம் எனக்கு வெறும் அலங்காரத் துணிதான்.

அக்கறையோடு பார்க்க கோட்டூர்புரத்திலேயே வேண்டியது இருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகின்றன. உச்சிவெயிலில் கருத்த தண்ணீர்மேல் தூணின் நிழல் விழும்போது கறுப்புமேல் கறுப்பு. இரண்டையும் பிரிப்பது மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் மங்கிய வானவில் மட்டுமே. ரயில் போனால் அந்தப் படலம் நடுங்குகிறது. இதை எடுப்பவர் அழகையும் எடுக்கிறார், ஒரு நகரம் தன் நீர்வழியை என்ன செய்துவைத்திருக்கிறது என்பதையும் எடுக்கிறார். 2016இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட பியெனாலே, பெரிய அளவிலான புகைப்படங்களை நேரில் பார்க்கும் பழக்கத்தை இந்நகருக்குக் கொடுத்திருக்கிறது. பெங்களூரில் 2023இல் திறந்த ‘மேப்’ (மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபி) அருங்காட்சியகம் புகைப்படத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. பார்க்க இடம் வந்துவிட்டது. வாங்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

வாங்க வருபவரின் முதல் சந்தேகம், ‘நெகடிவ் அவரிடம்தானே இருக்கிறது, நாளை இன்னும் நூறு போட்டால்?’ என்பது. சரியான சந்தேகம். அதற்காகத்தான் எடிஷன், அதாவது இத்தனை பிரிண்ட்தான் என்ற வரம்பு, இருக்கிறது. பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால் பத்தில் மூன்றாவது. கூடவே ஓரிரு பிரதிகள் கலைஞருக்கென இருக்கும், அவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அளவையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அளவு மாறினால் புது எடிஷன் என்று வாதிடலாம். வில்லியம் எக்லஸ்டன் தம் பழைய படங்களைப் பெரிய டிஜிட்டல் பிரிண்டுகளாகப் போட்டு 2012இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றபோது, பழைய பிரிண்டுகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகவே எத்தனை, எந்த அளவில், எந்த முறையில், எந்த ஆண்டு போட்ட பிரிண்ட் என்பதெல்லாம் கையெழுத்தோடு சான்றிதழில் இருக்க வேண்டும்.

விலை பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஆந்த்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ஐச் சொல்வார்கள். ஆறு பிரதிகளில் ஒன்று 2011 நவம்பரில் 43 லட்சம் டாலருக்குப் போனது. பச்சைப் பட்டை, சாம்பல் பட்டை, மேலே வானம், அவ்வளவுதான் படம். எதிர்க்கரையில் இருந்த கட்டடத்தைக் கணினியில் நீக்கிவிட்டார். ஆனாலும் அது ரைன் நதி. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அதே பட்டைகளுக்கு அந்தக் கனம் இருக்காது.

சென்னையில் வாங்குபவருக்கு இன்னொரு எதிரி காற்றின் ஈரப்பதம். நம் வீடுகளில் தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடுவதைப் பார்த்திருப்போம். ஈரத்தில் இளகும் ஜெலட்டின்தான் காரணம். பிரேம் போடும்போது நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும். பருத்தித் தாளில் பிக்மென்ட் மையில் போட்ட பிரிண்டுக்கும் இதே கவனம் வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும், நேர் வெயில் விழும் சுவரிலும் மாட்டக்கூடாது. பரணில் போடவே கூடாது.

பிரிண்டை வாங்கினால் பதிப்புரிமையும் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படக் கலைஞரின் உரிமையும் எழுத்தாளருடையதைப் போலவே வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் நீடிக்கிறது. அந்தத் திருத்தத்தால் ஒரு பழைய ஓரவஞ்சனை நீங்கியது. இன்னொன்று அப்படியே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, மூலப் படைப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கும் பங்கு உண்டு என்கிறது. ஓவியம், சிற்பம், சித்திரம், இலக்கிய, நாடக, இசைக் கையெழுத்துப் பிரதி என்று அது பட்டியலிடுகிறது. புகைப்படம் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணிட்டுக் கையெழுத்திட்ட பிரிண்டை மூலப் படைப்பு என்று நம்பச் சொல்லி வாங்குபவரிடம் கேட்கிறோம். சட்டமும் அதையே சொல்லும்படி அந்தப் பட்டியலில் புகைப்படத்தைச் சேர்க்க வேண்டும். அதைக் கேட்கவேண்டியவர்கள் கலைஞர்கள் மட்டுமல்ல, கேலரிகளும் சேகரிப்பாளர்களும்தான்.