மனப்பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆழ்வார்களின் நாலாயிர திவ்யப் பிரபந்தம் முழுதும் நாவில் நிற்கிறவருக்குக் கடைசிவரை மறதி வராது என்று திருவரங்கத்தில் சொல்லக் கேட்கலாம். சுடோகுவும் குறுக்கெழுத்தும் கைப்பேசி விளையாட்டுகளும் மூளைப் பயிற்சி என்ற பெயரில் விற்பனையாகும் காலம் இது. அதனால் இந்தப் பேச்சைப் பழங்கால நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆராயாமல் ஏற்கவும் முடியவில்லை. பல நூற்றாண்டுகளாக இந்த ஊர் கைவிடாமல் காத்துவரும் பயிற்சி அது. அது மனத்துக்கு என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு முதலில் நமக்குத்தான் இருக்கிறது.

பிரபந்தத்தைப் பாடம் பண்ணும் முறைக்குச் சந்தை என்று பெயர். ஆசிரியர் ஓர் அடியை ஒருமுறை சொல்வார். கற்பவர்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். அடிகள் சேர்ந்து பாசுரமாகும், பாசுரங்கள் சேர்ந்து பதிகமாகும். புத்தகம் கையில் இருந்தாலும் வேலை காதுக்கும் நாவுக்கும்தான். எங்கே நிறுத்துவது, எங்கே சேர்த்துச் சொல்வது என்பதெல்லாம் ஆசிரியரின் குரலிலிருந்தே வரும். நூலும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பிரபந்தத்தில் உள்ள திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதி. ஒரு பாசுரம் முடியும் சொல்லிலேயே அடுத்தது தொடங்கும்; கடைசிப் பாசுரம் முதல் பாசுரத்தோடு போய்ச் சேரும். ஒன்று வாயில் வந்துவிட்டால் அடுத்ததன் நுனி கிடைத்துவிடும். பெரிய திருமொழியின் 1084 பாசுரங்களுக்கு இப்படித் தொடர்ந்து வரும் அந்தாதி இல்லை, அதைப் பாடம் பண்ண உழைப்பு கூடுதலாகத் தேவைப்படும். எல்லோரும் இவ்வளவு தூரம் போவதில்லை. திருப்பல்லாண்டு 12, திருப்பாவை 30, அமலனாதிபிரான் 10, கண்ணிநுண்சிறுத்தாம்பு 11 என்று நாள்தோறும் சொல்லும் நித்தியானுசந்தானத்தோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம்.

இதனால் மூளையில் ஏதாவது மாறுமா? ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. யஜுர்வேதத்தை முழுக்கப் பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையைப் படம் எடுத்து, வேதம் பயிலாத 21 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மொழியோடும் நினைவோடும் தொடர்புள்ள பல பகுதிகள் பண்டிதர்களுக்குப் பெரிதாக இருந்தன. இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, மந்திரம் சொன்னால் மூளை வளரும் என்று மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். ஆய்வு அவ்வளவு சொல்லவில்லை. பாடசாலையின் பல ஆண்டுப் பயிற்சியைத் தாக்குப்பிடித்தவர்களின் மூளை முதலிலேயே அப்படி இருந்ததா, பயிற்சியால் அப்படி ஆனதா என்பதை ஒரே ஒரு முறை எடுத்த படம் காட்டாது.

காரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்த ஆய்வு லண்டனில் நடந்தது. அந்நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் அங்கே டாக்சி ஓட்ட உரிமம் கிடைக்கும். பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரை எலினார் மக்வயரின் குழு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டது. தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. ஆகவே பெரிய மனப்பாடம் மூளையை மாற்றக்கூடும் என்று நம்பலாம். ஆனால் தெருக்களை அப்படி நினைவில் ஏற்றியவர்கள் வேறு சில நினைவுச் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

பயிற்சியின் பலன் பயின்ற பொருளைத் தாண்டி வெளியே பரவுமா என்பதுதான் மையக் கேள்வி. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2832 பேரைக் கொண்டு 1998இல் தொடங்கிய ‘ஆக்டிவ்’ ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. ஒரு பிரிவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, இன்னொன்றுக்குப் பார்த்ததும் விரைந்து அறியும் பயிற்சி. எதில் பயின்றார்களோ அதில்தான் முன்னேறினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தர்க்கத்திலும் வேகத்திலும் கிடைத்த பலன் மிச்சமிருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் மிஞ்சவில்லை. திருவாய்மொழி முழுதும் தெரிந்தவர் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் வியப்பே இல்லை. அவர் பயின்றது வேறு, இங்கே தேவைப்படுவது வேறு.

பழகிய பாசுரத்தைச் சொல்லும்போது தேடல் அநேகமாக இல்லை. ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வருகிறது. நடுவில் தடைபட்டால் பதிகத்தின் தொடக்கத்துக்கே போய் மறுபடி ஓட்டிவர வேண்டியிருக்கும். அந்த இடத்திலிருந்து மட்டும் தொடங்க வராது. பாடம் செய்த காலத்தில் மனம் உழைத்தது உண்மை. இருபது ஆண்டுகள் கழித்து அதையே சொல்கிறபோது அது பக்தியாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது. உழைப்பாக இருப்பதில்லை. அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோயிலில் கூடிப் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நாலு பேரோடு சேர்ந்து சொல்வதற்காக விடியலில் எழுந்து குளித்துக் கிளம்புகிற முதியவருக்கு நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். தனிமை முதுமையின் மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்றென்று மருத்துவம் இப்போது ஒப்புக்கொள்கிறது. சுடோகு புத்தகம் இப்படித் துணைக்கு வராது.

இந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இளமையில் ஆழப் பதிந்த பாட்டும் செய்யுளும் டிமென்ஷியா வந்த பிறகும் நெடுநாள் தங்கிவிடும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர் பாசுரத்தைப் பிசகாமல் சொல்வார். வீட்டார் அதைக் கேட்டு, ‘இவருக்கென்ன மறதி’ என்று நிம்மதி அடைகிறார்கள். மருத்துவரிடம் போகவேண்டிய மாதங்கள் இப்படியே கழிந்துவிடுகின்றன. முதியவரின் நினைவாற்றலை அறிய விரும்புகிறவர் பாசுரத்தைக் கேட்கக் கூடாது. நேற்று யார் வந்தார்கள், என்ன பேசினோம் என்று கேட்க வேண்டும்.

மனப்பாடத்துக்கு அடுத்த படியைத் திருவரங்கமே காட்டியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வைணவ ஆசாரியர் நம்பிள்ளை இங்கே திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னபோது கூடிய கூட்டத்தைப் பார்த்து, இது அரங்கன் நம்பெருமாளின் கோஷ்டியோ நம்பிள்ளை கோஷ்டியோ என்று வியந்தார்களாம். கேட்டவர்களில் ஒருவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. பகலில் கேட்டதை இரவில் நினைவிலிருந்து ஏட்டில் எழுதினார் என்று குருபரம்பரை சொல்கிறது. ஈடு முப்பத்தாறாயிரப்படி என்ற திருவாய்மொழி உரை அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. ஒரு படிக்கு 32 எழுத்து. கணக்கிட்டால் பதினொன்றரை லட்சம் எழுத்துக்கு மேல் வரும். அவர் சொல்லுக்குச் சொல் ஒப்பித்திருக்க மாட்டார். வாதம் எங்கே தொடங்கியது, எந்த எடுத்துக்காட்டு எதற்காக வந்தது, ஆசிரியர் எந்த ஐயத்துக்கு விடை சொன்னார் என்று பகலின் பேச்சை இரவில் மறுபடி கட்டி எழுப்பியிருக்க வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே.

இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் கதையில் இன்னும் ஒரு படி இருக்கிறது. பிரம்ம சூத்திர உரையான போதாயன விருத்தி காஷ்மீரத்தில் கைவிட்டுப் போனபின், அவர் அதை இரவுகளில் படித்து நினைவில் ஏற்றியிருந்தது இராமானுசருக்குத் துணையானது என்று மரபு சொல்கிறது. அதே சூத்திரங்களுக்கு இராமானுசர் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் ஸ்ரீபாஷ்யம் எழுதும்போது, சொல்வது உடன்பாடில்லை என்றால் எழுத்தை நிறுத்திவிடு என்பது இராமானுசர் இட்ட ஏற்பாடு. ஆன்மாவின் இலக்கணம் பற்றிய ஓர் இடத்தில் கூரத்தாழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். இராமானுசர் முதலில் சினந்தாலும் பிறகு ஆழ்வான் கருத்தை ஏற்றார். விருத்தி முழுக்க நினைவில் இருந்ததால்தான் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடத்தை ஏளனம் செய்கிற இக்காலக் கல்வியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நினைவில் ஒன்றுமே இல்லாதவர் எதை வைத்து மறுப்பார்?

காவிரிக்கு அக்கரையிலும் சான்று உண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), தண்டியலங்காரம் தெரிந்த ஒரு பரதேசியைத் தேடிப்போய்ப் பணிவிடை செய்து கற்றவர். அப்படிச் சேர்த்த செய்யுள்கள் அவர் மனத்தில் சும்மா கிடக்கவில்லை. ஏடும் எழுத்தாணியுமாக ஒருவர் அமர்ந்திருக்க, இவர் புதுப் புராணத்தைச் செய்யுள் செய்யுளாக வாயால் சொல்லிக்கொண்டே போவார். அவருடைய மாணவர் உ.வே.சா. இதை அருகில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

இந்தப் பயிற்சி யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. கோயில் கோஷ்டியில் பெண்களுக்கு இடமில்லை; பிராமணரல்லாத சாதியாருக்கும் அநேகமாக இல்லை. ஆண்டாளின் பாசுரங்களை ஆண்கள் வரிசையாக அமர்ந்து சொல்ல, பெண்கள் ஓரமாக நின்று கேட்கிறார்கள். மனப்பயிற்சி அவர்களுக்கும் உண்டு; வீட்டு வாசலில் அவர்கள் போடும் புள்ளிக் கோலம் எளிய கணக்கு அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் அதற்குக் கணித இலக்கணமே வகுத்தார். ஆனாலும் கேட்டதைப் பேசிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகம். கல்வி மறுக்கப்பட்டது அதற்குக் காரணங்களில் ஒன்று. இணையவழிச் சந்தை வகுப்புகளில் இப்போது பெண்கள் ஆர்வத்தோடு சேர்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருகிறது. அறுபது வயதில் புதிதாகப் பெரிய திருமொழியைத் தொடங்குகிறவர், அறுபது ஆண்டாகத் தெரிந்ததையே சொல்கிறவரைவிட மனத்தை அதிகம் உழைக்க வைக்கிறார்.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான தடுக்கக்கூடிய 14 காரணங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, காது கேளாமை எல்லாம் உண்டு. சந்தை முழுக்கக் காதால் நடப்பது. காது மந்தமானவர் செவிக்கருவி வைக்கக் கூச்சப்பட்டுக் கோஷ்டியிலிருந்தே ஒதுங்குவது பரிதாபம்.

திருவரங்கத்தில் உபன்யாசத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து போகிறோம். அதை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மறுநாள் பேச்சைத் தொடங்கும் முன், முதல் நாள் கேட்டவர்களில் இருவரை ஐந்தைந்து நிமிடம் பேச விடுங்கள். தாளைப் பார்க்காமல், தம் சொந்தச் சொல்லில், உடன்படாத இடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.