முடிக்கும் ஜாதகம் உண்டு

முடியை ரசாயனத்தால் சுருட்டும் பெர்மிங் பற்றி இரண்டு தீர்ப்புகள் நம்மிடம் எப்போதும் தயார். பார்லரில், "ஒண்ணும் ஆகாது மேடம்." வீட்டில், "வேரோட போயிடும்டி." வேதியியலிடம் கொண்டுபோனால் இரண்டு வழக்குமே நிற்காது.

முடிக்கு வடிவம் தருவதில் முக்கியப் பங்கு, கெரட்டின் புரத இழைகளைக் குறுக்கே பிணைக்கும் கந்தகப் பாலங்களுக்கு. பெர்முக்கான முதல் பாட்டிலில் இருக்கும் அம்மோனியம் தயோகிளைகோலேட் அந்தப் பாலங்களில் ஒரு பகுதியை அறுக்கிறது. இளகிய முடி, சுற்றியிருக்கும் உருளைக்கு ஏற்ப வளைந்துகொள்கிறது. இரண்டாம் பாட்டிலின் ஹைட்ரஜன் பெராக்சைடு, பாலங்களைப் புது இடத்தில் கட்டிவிடுகிறது. ரீபாண்டிங் என்று நம் ஊரில் செய்வதும் பெரும்பாலும் இதேதான். உருளைக்குப் பதில் இஸ்திரி. முடியைச் சுருட்ட அஞ்சுகிறவர்கள் நீட்டுவதற்கு மட்டும் துணிவது எந்தக் கணக்கு?

வீட்டாரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தோலுக்கு மேலே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. உயிருள்ள வேர் உள்ளே இருக்கிறது. கரைசல் தோலைப் புண்ணாக்காதவரை வேருக்குச் சேதமில்லை. மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் பழைய மாதிரியே முடி மறுபடி வளர்ந்து வரும். பெர்முக்குப் பிறகு கொத்தாக முடி வந்தால் அதன் நுனியைப் பாருங்கள்: சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது, இல்லையென்றால் நடுவில் ஒடிந்தது. பெர்ம் செய்யும் கேடு பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆனால் புண்ணும் சொறியும் உள்ள தலையில் இந்தக் காரக் கரைசல் பட்டால் வீட்டில் சொன்னதும் பலிக்கலாம். ஆழமாக வெந்த தழும்பில் முடி முளைக்காது.

பார்லரின் வாக்குமூலம் இன்னும் பலவீனமானது. அறுந்த பாலங்கள் எல்லாமே திரும்பச் சேர்வதில்லை. சில, சிஸ்டியிக் அமிலமாக மாறி நிரந்தரமாக விலகிவிடுகின்றன. உயிரற்ற பொருளில் காயம் ஆறாது. கண்டிஷனர் மேலே மெழுகும், அவ்வளவுதான். கெட்டுப்போன நீளத்துக்கு மருந்து கத்தரிக்கோல்.

மின்சூட்டில் முடி சுருட்டும் முறையைக் கண்டுபிடித்த கார்ல் நெஸ்லர் முதல் சோதனைகளைத் தன் மனைவியின் தலையில்தான் செய்தார். முடி கருகித் தோலும் வெந்தது. (விஞ்ஞானிகளின் மனைவிமார் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதலாம்.) 1938-இல் ஆர்னால்டு வில்லட் சூடில்லாத முறையைக் கொண்டுவந்ததும் அந்த ஆபத்து போயிற்று. முடியின் பூர்வீகம் தரும் ஆபத்து அப்படியே இருக்கிறது. ப்ளீச் பட்ட முடியில் ஏற்கெனவே பல பாலங்கள் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடால் நீட்டிய முடியில் தயோகிளைகோலேட் பட்டால் ஒடிந்துபோகும். உலோக உப்புள்ள சாயத்தோடு பெராக்சைடு சேர்ந்தால் தலையிலேயே சூடு கிளம்பும். 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளின் பெட்டியைத் திருப்பிப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

புற்றுநோய்ப் பயத்தையும் எடைபோட வேண்டும். அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், முடி நீட்டும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. பெர்முக்கு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. ஆனாலும் சந்தேகத்தின் முள் நீட்டுவதை நோக்கித்தான் சாய்கிறது.

என் தீர்ப்பு: சாயமோ ப்ளீச்சோ படாத முடி, புண்ணில்லாத தலை, முதலில் ஒரு கற்றையில் சோதனை. இந்த மூன்றும் இருந்தால் பெர்ம் செய்துகொள்ளலாம். சுருட்டிய அதே நீளத்தை மறுபடி சுருட்டக் கூடாது. முன்பு தலைக்கு என்னென்ன போட்டீர்கள் என்று கேட்காமலே உருளையை எடுக்கிறார்களா? துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.